தீராத வயிற்று வலி

கொல்லிமலையில் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் வயிற்று வலி இருந்தது. ஸ்டேஷனில் அப்படித்தான் எழுதினார்கள், பத்திரிகையிலும் அப்படியே வந்தது. பத்தாவதில் தோற்ற பையனுக்குத் தீராத வயிற்று வலி. புருஷன் வேறொருத்தியைக் கூட்டி வந்த மறுநாள் பெண்டாட்டிக்குத் தீராத வயிற்று வலி. விருப்பமில்லாத இடத்தில் நிச்சயம் செய்த பெண்ணுக்கும் அதே வலி, அதுவும் சரியாகப் பரிசம் போட்ட அன்று. இத்தனை பேரில் ஒருவர்கூட ஒரு நாளாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலை மேல் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை.

இதற்காக ஏட்டு செல்லமுத்துவைத் திட்டுவதும் நியாயமில்லை. நல்ல மனுஷன், அழுகிறவர்களைக் கண்டால் டீ வாங்கிக் கொடுப்பார். மலையில் ஊர்களை நாடு என்பார்கள்; வளப்பூர் நாட்டுக் குப்புசாமி தன் மகன் பூபதியைப் பறிகொடுத்துவிட்டு ஸ்டேஷன் வாசலில் நின்றபோதும் அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்.

"பெரியவரே, நான் சொல்றதக் கேளுங்க. ரேஞ்சர் பேர எடுத்தீங்கன்னா கேசு பெரிசாயிரும். கீழ இருந்து ஆபீசருங்க வரோணும். அவிய எப்ப வருவாங்கன்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் பையன ஐஸ்ல வெச்சுட்டு ஒக்காந்திருப்பீங்களா? வயித்து வலின்னு சொல்லிப்போடுங்க. பொழுது சாயறதுக்குள்ள ஊட்டுக்குக் கொண்டு போயிரலாம்."

"அவனுக்கு வயித்து வலியே இல்லீங்களே."

"யாருக்குத்தானுங்க இருந்துச்சு?" என்றார் ஏட்டு.

நடந்தது இதுதான். பூபதி வீட்டுக் கூரைக்கு விட்டம் போடத் தன் தோட்டத்துச் சில்வர் ஓக் மரம் ஒன்றை வெட்டினான். அனுமதி வாங்கவில்லை என்று வனத்துறை ரேஞ்சர் அர்த்தனாரி அவனைப் பிடித்தார். அபராதம் போட்டு விட்டிருக்கலாம். சோளக்காடு என்ற ஊரில் அன்று சந்தை. கூட்டம் இருக்கிற நாளை வீணாக்க ரேஞ்சருக்கு மனம் வரவில்லை. பூபதியின் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகில் பிரம்பால் அடித்து, வெட்டிய மரத்தைத் தோளில் தூக்க வைத்துச் சந்தையைச் சுற்றி வரச் செய்தார். அன்னாசிப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெருமாயி, தன் மகன் அப்படி வருவதைப் பார்த்தாள். அவனும் அம்மாவைப் பார்த்தான். மறுநாள் விடியும்போது அவன் உயிரோடு இல்லை.

குப்புசாமி வயிற்று வலி என்று சொன்னார். எத்தனை நாளாக என்று கேட்டார்கள். ரொம்ப நாளாக என்றார். ஸ்டேஷன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெருமாயி தலையைத் தூக்கிப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு அவளுடைய பேச்சு நின்றது. குப்புசாமியிடம் மட்டுமல்ல, யாரிடமும் பேசவில்லை. காரியத்துக்குக்கூட வாய் திறந்து அழவில்லை. ஆடு மாடு பார்ப்பாள், உலை வைப்பாள், சோறு போடுவாள், தான் மட்டும் தின்னமாட்டாள். வற்புறுத்தினால் ஒரு வாய், அவ்வளவுதான்.

குப்புசாமிக்குப் பயம் பிடித்தது. வீட்டிலிருந்த பூச்சி மருந்தையெல்லாம் கொண்டுபோய்த் தூரத்தில் புதைத்தார். பக்கத்து வீட்டு மாதம்மாள் புளி கொட்டை எடுக்கிறேன், சாமை புடைக்கிறேன் என்று தினமும் ஒரு சாக்கோடு வந்து பெருமாயியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பெருமாயியும் போய்விடுவாளோ என்பதுதான் இருவருக்கும் பயம். அதை இருவருமே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த நேரத்தில்தான் அரசாங்கத்துக்கு மலையின் மேல் அக்கறை வந்தது. சாவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, இனி ஒருவரும் அப்படிச் சாகாமல் தடுப்பதற்காக 'அகால மரண ஆய்வு, தடுப்பு மற்றும் ஒருங்கிணைப்புக் குழு' என்று ஒன்றை அமைத்தார்கள். 2002ஆம் ஆண்டு, பலாப்பழம் பழுக்கிற பருவம். பறிகொடுத்த குடும்பங்கள் எல்லாம் செம்மேட்டுக்கு வரவேண்டும், மனம் திறந்து பேசவேண்டும் என்று தண்டோரா போட்டார்கள்.

அதைக் கேட்டதும் குப்புசாமிக்கு உயிர் வந்தது.

"பெருமாயி, பெரிய ஆபீசருங்க வாராங்களாமா. அங்க வந்து நெசத்தச் சொல்லிப்போடறேன். உம்முன்னால சொல்றேன்" என்றார்.

விடிந்ததும் பெருமாயி நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். அதைப் பார்த்துக் குப்புசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழுவைப் பற்றிச் சொல்லவேண்டும். தலைவர் குணசேகரன் மீன்வளத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மலைக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது, ஓய்வு பெற்றவருக்கு ஒரு பதவி வேண்டும், அதுதான் சம்பந்தம். மருத்துவ உறுப்பினர் டாக்டர் தாமரைச்செல்வி பல் டாக்டர். மாவட்டத்தில் அன்றைக்கு வேலையில்லாமல் இருந்தது அவர் ஒருவர்தான். மூன்றாவது உறுப்பினர் ரேஞ்சர் அர்த்தனாரி. கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்காமல் ஏறுகிற ஜீப் அவரிடம்தான் இருந்தது. ஜீப்பை வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவிட்டால் நன்றாகவா இருக்கும்?

பறிகொடுத்தவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள், முன் வரிசை சிறப்பு விருந்தினர்களுக்கு. குத்துவிளக்கு ஏற்றினார்கள். குழுவினர் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் என்று அறிவித்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். நேரமின்மை காரணமாகத் தலைவர் அதைப் பாதியில் முடித்துக்கொண்டார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நான் முப்பது வருஷம் மீன்களுக்காக வாழ்ந்தவன். என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஒரு குளத்தில் மீன் செத்து மிதந்தால் நாங்கள் குளத்தைக் குறை சொல்லமாட்டோம். ஏனென்றால் குளம் அரசாங்கத்துடையது. மீனைத்தான் அறுத்துப் பார்ப்போம். அந்த முறையில்தான் உங்கள் மலையையும் பார்த்தோம். அத்தனை சாவுக்கும் ஒரே காரணம் என்று கண்டுபிடித்துவிட்டோம். வயிற்று வலி! இத்தனை வருஷம் இது யார் கண்ணிலும் படவில்லையே என்று எனக்கு வருத்தம்."

முன் வரிசை கைதட்டியது. கடைசி வரிசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வயிற்று வலி தாங்கள் கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரியும். கொடுத்ததைத் திருப்பி எப்படி வாங்குவது என்றுதான் தெரியவில்லை.

அடுத்துப் பேசிய டாக்டரம்மா, வயிற்றுக்கு வாசல் வாய் என்றும், வாய்க்குக் காவல் பல் என்றும், ஆகவே தன்னை இந்தக் குழுவில் போட்டது மிகவும் பொருத்தம் என்றும் விளக்கினார். பிறகு விசாரணை. குப்புசாமியைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

"உங்க மகன் பூபதிக்கு எத்தனை வருஷமா வயிற்று வலி?" என்றார் தலைவர்.

"எம்பையனுக்கு வயித்து வலி இல்லீங்க."

"அப்படிச் சொல்லக்கூடாது. வயிற்று வலி இருந்தவங்களைத்தான் நாங்க ஆய்வுக்கு எடுத்திருக்கோம். உங்க பையனை எடுத்திருக்கோம். அப்ப வலி இருந்துதானே ஆகணும்?"

"சில பேருக்கு வலிக்கிறது அவங்களுக்கே தெரியாது. அதுதான் ரொம்ப ஆபத்தான வலி" என்றார் டாக்டரம்மா.

"இல்லீங்க, நான் சொல்ல வாரது..."

ரேஞ்சர் அர்த்தனாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலில் தேன் ஒழுகியது. "பயப்படாமச் சொல்லுங்க பெரியவரே. உங்களுக்காகத்தானே நாங்க மலையேறி வந்திருக்கோம்? பையனுக்கு வலி எங்க இருந்துச்சு?"

முதுகில் இருந்தது. தோளில் இருந்தது. குப்புசாமியின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. ரேஞ்சர் சிரித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்புசாமியின் காடும் தோட்டமும் ரேஞ்சரின் எல்லைக்குள் இருந்தன. ஆடு மேய்வதும் அங்கேதான், சுள்ளி பொறுக்குவதும் அங்கேதான்.

"வயித்துலதானுங்க" என்றார் குப்புசாமி.

திரும்பிப் பார்த்தபோது பெருமாயி இருந்த இடம் காலியாக இருந்தது. அவள் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த ஒரு வாய்ச் சோறும் நின்று, நீராகாரம் மட்டும் என்று ஆயிற்று.

குழு அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பின் பலாச்சுளையைத் தேனில் தொட்டுத் தின்றது. தலைவர் கொஞ்சம் தாராளமாகவே தின்றுவிட்டார். இரவெல்லாம் அவருக்கு வயிற்று வலி. காலையில் வெளிறிய முகத்தோடு எழுந்து, காரணம் கள ஆய்வில் நேரடியாக உறுதி செய்யப்பட்டது என்று அறிவித்தார். மலை மக்களின் உயிரைக் குடிப்பது பலாப்பழம்! வெறும் வயிற்றில் யாரும் பலா தின்னக்கூடாது என்று உத்தரவு போட்டு, அதைக் கண்காணிக்கும் பொறுப்பை ரேஞ்சரிடம் ஒப்படைத்தார்கள். ரேஞ்சரின் ஆட்கள் தோட்டம் தோட்டமாக நுழைந்து, பழுத்த பழமாகப் பார்த்து இறக்கி, ஆராய்ச்சிக்கு என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த ஆராய்ச்சி ரேஞ்சரின் மச்சான் வைத்திருந்த பழக்கடையில் நடந்தது.

அதோடு விடவில்லை. 'வயிற்றைக் காப்போம், வாழ்வைக் காப்போம்' என்று சுவர் சுவராக எழுதினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெயிலில் ஊர்வலம் விட்டார்கள், அதில் இரண்டு பிள்ளைகளுக்கு நிஜமாகவே வயிற்று வலி வந்து குழுவுக்குத் தெம்பு கொடுத்தது. துக்கப்பட்ட குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஒரு பாட்டில் ரோஸ் நிற மருந்து தந்தார்கள். காலை ஒரு மூடி, மாலை ஒரு மூடி. பெருமாயிக்கும் ஒன்று வந்தது. அவள் அதைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். இனி வயிற்று வலி என்று எழுதக்கூடாது என்று ஸ்டேஷனுக்கும் கண்டிப்பான உத்தரவு போயிற்று. அந்த மாதம் குண்டூர் நாட்டில் ஒரு பெண் இறந்தபோது ஏட்டு செல்லமுத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "தலைவலின்னு சொல்லிப்போடுங்க" என்றார். ஒரே மாதத்தில் வயிற்று வலிச் சாவு அடியோடு ஒழிந்துவிட்டது என்று குழு இனிப்பு வழங்கியது. செத்துப்போன பெண்ணின் ஊருக்கும் அந்த இனிப்புப் போயிற்று என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வருகிறது.

பெருமாயி எலும்பும் தோலுமாக ஆனாள். குப்புசாமிக்கு வேறு போக்கிடம் இல்லை. குழுவின் ஆபீசுக்கே போய்த் தலைவர் முன்னால் நின்றார்.

"எம்பட சம்சாரம் பேச மாட்டேங்கறாளுங்க, சோறும் திங்கறதில்லீங்க. அவளும் போயிருவாளோன்னு பயமா இருக்குதுங்க. ஆராச்சும் ஒரு எட்டு வந்து பாருங்க சாமி."

தலைவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். உட்காரச் சொன்னார்.

"பெரியவரே, உங்க கஷ்டம் புரியுது. ஆனா அம்மா இப்ப உயிரோட இருக்காங்க இல்லையா?"

"இருக்கறாளுங்க."

"அதுதான் சிக்கல். எங்க குழு செத்தவங்களை மட்டும்தான் ஆய்வு பண்ணலாம். உயிரோட இருக்கறவங்க எங்க வரம்புல வரமாட்டாங்க. வேற குழு ஏதாவது இருக்கான்னு விசாரிக்கறேன். நீங்க தைரியமாப் போங்க. அப்படி ஏதாவது ஆயிட்டா, முதல் ஆளா உங்க கேஸைத்தான் எடுப்பேன்." குப்புசாமியின் தோளைத் தட்டிக் கொடுத்தார். "அப்புறம் ஒண்ணு. வெற்றி விழா வைக்கறோம். பயன் பெற்ற குடும்பம்னு நீங்கதான் பேசணும். என்ன பேசணும்னு நான் சொல்லித் தரேன்."

வெற்றி விழாவுக்குப் பந்தல் போட்டு, மேளக்காரர்களை வரவழைத்திருந்தார்கள். பாட்டில் வாங்கிய குடும்பமெல்லாம் கட்டாயம் வரவேண்டும் என்று உத்தரவு. மாதம்மாள் பெருமாயியைக் கைத்தாங்கலாகப் பிடித்து அழைத்து வந்து பந்தலில் உட்கார வைத்தாள். மேடையில் ரேஞ்சர் அர்த்தனாரி பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த மக்களை நான் என் பிள்ளைகளாக நினைக்கிறேன். அடிக்கிற கைதான் அணைக்கும். தவறு செய்தால் நாலு பேர் முன்னால் கண்டித்துத் திருத்துவேன். திருந்தியவர்கள் யாரும் மறுபடி என்னிடம் வந்ததே இல்லை!"

மறுபடி வராதவன் யார் என்று பந்தலில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் கைதட்டினார்கள், ரேஞ்சர் பேசி முடித்தால் கைதட்டவேண்டும்.

குப்புசாமியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ரோஸ் மருந்து சாப்பிட்ட பிறகு எங்கள் குடும்பத்தில் நிம்மதி வந்தது என்று அவர் சொல்லவேண்டும். மைக்கின் முன்னால் நின்று கூட்டத்தைப் பார்த்தார். மாதம்மாளின் தோளில் சாய்ந்து பெருமாயி உட்கார்ந்திருந்தாள். சேலைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. குப்புசாமிக்கு அப்போது ஒன்று தோன்றியது. இவளும் போய்விட்டால், இவளுக்கும் தலைவலி என்று நான்தான் போய்ச் சொல்லவேண்டும். ஏட்டு எனக்கு டீ வாங்கித் தருவார்.

"எம்பையனுக்கு வயித்து வலி இல்லீங்க" என்றார்.

தலைவர் சொல்லித் தந்தது அதுவல்ல. அவர் இருமினார்.

"ஒரு நாளும் இருந்ததில்லீங்க. கல்லத் தின்னாலும் செரிக்கற வயசு. இதா ஒக்காந்திருக்காரே ரேஞ்சரு, இவருதான் சந்தையில வெச்சு அடிச்சாருங்க. பெத்தவ பாக்க, சட்டையக் கழட்டி, மரத்தத் தூக்கிக்கிட்டுச் சுத்தச் சொன்னாருங்க. அத எம்பையனால தாங்க முடியலீங்க. நான் பொய் சொல்லிப்போட்டேனுங்க. பொணம் சீக்கிரம் கெடைக்கோணும்னு எம்பையனுக்கு நானே வயித்து வலி குடுத்துட்டேனுங்க."

மைக்கை நிறுத்தினார்கள். ஆனால் பந்தலுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. நடுவில் ஒரு கிழவர் எழுந்து நின்று, "எம்பட புள்ளைக்கும் வயித்து வலி இல்லீங்க" என்றார். அந்தப் பக்கம் ஒருத்தி எழுந்தாள். "எந்தங்கச்சிக்கும் இல்லீங்க." இன்னும் சிலர் எழுந்தார்கள். மேளத்தை அடிக்கச் சொல்லித் தலைவர் சைகை காட்டினார். மேளக்காரரும் அந்த மலைக்காரர்தான். அவர் தன் குச்சியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

அப்போது பெருமாயி எழுந்தாள். மாதம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, கீழ எறங்கி வாங்க. ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

இத்தனை மாதம் கேட்காத குரல். குப்புசாமி மேடையிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். டாக்டர் தாமரைச்செல்வி துள்ளி எழுந்தார். "பேசிட்டாங்க! பேசாம இருந்த அம்மா பேசிட்டாங்க! மருந்து வேலை செய்யுது!" என்று கைதட்டினார். முன் வரிசையும் தட்டியது. ரேஞ்சர் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார். எரவாணத்தில் அந்தப் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெருமாயி மகன் பெயரைச் சொல்லி ஊரே கேட்க அழுதாள். அழுது ஓய்ந்து, மாதம்மாள் பிசைந்து கொடுத்த சோற்றைத் தின்றாள். குப்புசாமியையும் தின்னச் சொன்னாள்.

குழு அவசரமாகக் கூடியது. வயிற்று வலி இல்லை என்று உறவினர்களே பகிரங்கமாகச் சொன்னதால், அந்த மரணங்கள் ஆய்வு வரம்பில் இருந்து நீக்கப்பட்டன. நீக்கியதும் மரணங்களின் எண்ணிக்கை குறைந்தது. எண்ணிக்கை குறைந்தால் அதற்குப் பெயர் தடுப்பு. பூபதி உட்பட அத்தனை பேரும் குழுவால் காப்பாற்றப்பட்டவர்கள் என்று தீர்மானம் போட்டார்கள். மேலிடத்தில் இருந்து ஒரு வெள்ளிக் கேடயம் வந்தது. குழுவை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டித்தார்கள், இந்த முறை தலைவலிக்கு.

ஏட்டு செல்லமுத்து வந்து இதைச் சொன்னபோது அவரால் பெருமாயியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "காப்பாத்திட்டதா எழுதிட்டாங்கம்மா" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

பெருமாயி எரவாணத்தில் இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். குப்புசாமிக்குப் பழைய பயம் வந்துவிட்டது. ஆனால் அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். சமைத்து முடித்துத் தூக்குப்போசியில் போட்டு மூடினாள். "வாங்க போலாம்" என்று புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆபீசில் தலைவரும் ரேஞ்சரும் கேடயத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருமாயி நேராக உள்ளே போய் மேசையின் முன்னால் நின்று கும்பிட்டாள்.

"எம்பையனக் காப்பாத்திட்டீங்களாமா சாமி. நீங்க நல்லா இருக்கோணும்" என்றாள். "எங்கீங்க இருக்கறான்? கூப்புடுங்க."

தலைவர் ரேஞ்சரைப் பார்த்தார். ரேஞ்சர் வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தார்.

பெருமாயி தூக்குப்போசியை மேசை மேல் வைத்து, மூடியைத் திறந்தாள். ஆவி வந்தது.

"களியுங் கொழம்புங் கொண்டாந்திருக்கறேன். ஆறிப்போவுது, சுருக்காக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு, குப்புசாமியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.